பெயர் ஒன்று, பொருள் வேறு: லிஸ்ப் கிளைமொழிகளும் பழைய நிரல்களின் மறுவாழ்வும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணினி நிரல் ஒன்று நம் கையில் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நடுவே ஓரிடத்தில் 100 என்ற எண் வருகிறது. அது எவ்வளவு என்று கேட்டால் நூறு என்றே நாம் விடை சொல்வோம். ஆனால், அந்நிரல் 1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வழங்கிய மாக்லிஸ்ப் என்னும் மொழியில் எழுதப்பட்டதாயின், அவ்வெண் பெரும்பாலும் அறுபத்து நான்கையே குறிக்கும். வேறு வகையாகச் சொல்லப்படாத இடங்களில் அம்மொழி எண்களை எட்டின் அடிமானத்தில் படித்தது. நாம் பழகிய நூறு வேண்டுமென்றால் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்களுக்கு இது அன்றாடப் பழக்கம். எவரும் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. இன்று அந்நிரலைப் புதிய மொழிக்குக் கொண்டுவருபவர் இப்பழக்கத்தை அறியாவிட்டால், கணினி எந்தத் தடையும் சொல்லாமல் நூறென்றே கொண்டு கணக்கிடும். விடை தவறாகும், தவறு நேர்ந்தது என்பதற்கு அடையாளம் எதுவும் இராது.

மனிதர் பேசும் மொழிகளைப் பற்றியே பெரிதும் சிந்திக்கும் நம் அவையில், மனிதர் ஆக்கிய மொழியொன்றின் கிளைமொழிகளைப் பற்றி இவ்வுரையில் ஆராய விழைகிறோம். எழுத்து அப்படியே எஞ்சியிருக்க, அதன் பொருள் மட்டும் எவ்வாறு தொலைந்துபோகிறது என்பதே நம் வினா. லிஸ்ப் மொழியின் வரலாறு அவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தருகிறது.

ஒரு மொழி பலவாய்க் கிளைத்தது

லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி 1958ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வகுக்கத் தொடங்கினார். எண்களைக் கணக்கிடுவதற்கே கணினி என்று கருதப்பட்ட காலத்தில், சொற்களையும் குறியீடுகளையும் பட்டியல்களாகக் கோத்துக் கையாள ஒரு மொழி வேண்டும் என்பது அவர் நோக்கம். 1960ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை அம்மொழியின் அடித்தளத்தை விளக்கியது. அக்கட்டுரைக்காக, லிஸ்ப் மொழியின் எந்தத் தொடரையும் மதிப்பிட்டு விடை கூறவல்ல சார்பு ஒன்றை மெக்கார்த்தி லிஸ்பிலேயே எழுதிக் காட்டினார். சார்பு என்பது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரற்பகுதி. கோட்பாட்டு விளக்கமாக அவர் எழுதிய அதனை, ஸ்டீவ் ரசல் என்பவர் ஐபிஎம் 704 கணினியின் கட்டளைகளாக மாற்றி இயக்கிக் காட்டினார். தாளில் இருந்த விளக்கம் அன்றே உயிருள்ள மொழியாயிற்று.

அந்தப் பழைய இயந்திரத்தின் தடம் இன்றும் அம்மொழியில் இருக்கிறது. பட்டியலின் முதல் உறுப்பைத் தருவதற்குக் ‘கார்’ என்றும், எஞ்சிய பகுதியைத் தருவதற்குக் ‘குடர்’ என்றும் இரண்டு சார்புகள் உண்டு. ஐபிஎம் 704 கணினியில் ஒரு நினைவுச் சொல்லின் இரு பகுதிகளுக்கு வழங்கிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு அமைந்தவை அவை. இயந்திரம் மறைந்தது, அதன் உறுப்புகளின் பெயர்கள் மட்டும் மொழியில் தங்கிவிட்டன.

லிஸ்ப் பல கிளைகளாகப் பிரிந்ததற்கு அதன் இயல்பே முதற்காரணம். அம்மொழியில் ஒருவர் புதிதாக ஒரு சார்பை எழுதினால், அது மொழியிலேயே பிறந்த சார்பைப் போலவே தோற்றமளிக்கும். மொழி எங்கே முடிகிறது, நிரல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தன் தேவைக்கேற்பச் சார்புகளைச் சேர்த்தது; சேர்த்தவை நாளடைவில் மொழியின் பகுதியாகவே கருதப்பட்டன. மாசசூசெட்ஸில் மாக்லிஸ்ப் வளர்ந்தது. கேம்பிரிட்ஜில் பிபிஎன் நிறுவனத்தில் தோன்றிய கிளை, கலிபோர்னியாவில் சீராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் இண்டர்லிஸ்ப் என்னும் பெயரோடு செழித்தது. இர்வைன் பல்கலைக்கழகத்தில் ஒரு கிளை, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் லிஸ்ப் என்னும் இன்னொரு கிளை. 1975ஆம் ஆண்டு ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் ஸ்கீம் என்னும் சிறிய, ஒழுங்கான கிளையைத் தொடங்கினர். ஒரு கூடத்தில் எழுதிய நிரலை இன்னொரு கூடத்தில் இயக்க விரும்பியவர், தம் மொழியிலிருந்தே தம் மொழிக்குப் பெயர்க்க வேண்டிய விந்தையான நிலை உருவாயிற்று.

எழுதப்படாத இலக்கணம்

கிளைகள் பலவாயினும் ஒவ்வொன்றுக்கும் முழுமையான இலக்கண நூல் இருந்திருந்தால் இடர் பெரிதாயிராது. லிஸ்ப் 1.5 பதிப்புக்கு 1962இல் கையேடு வந்தது. மாக்லிஸ்புக்கு 1974இல் ஒரு கையேடும், 1983இல் திருத்திய கையேடும் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் மொழி நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. புதிய சார்பு ஒன்றை எழுதியவர் அடுத்த அறையில் இருந்தார். ஐயம் எழுந்தால் கதவைத் தட்டிக் கேட்டுக்கொள்ளலாம். இல்லையேல் மூல நிரலையே திறந்து படிக்கலாம். அவ்வாறு கேட்டும் படித்தும் அறிய முடிந்ததால், எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. சோம்பலினால் விடுபட்டவை சில. எல்லார்க்கும் தெரிந்ததுதானே என்பதனால் விடுபட்டவையே பல.

இண்டர்லிஸ்பில் இன்னொரு வகைச் சூழல் நிலவியது. வாரன் டைட்டல்மன் அதில் அமைத்த ஒரு வசதி, நிரலர் செய்யும் எழுத்துப்பிழைகளைக் கண்டு, அவர் என்ன சொல்ல வந்தார் என்று ஊகித்துத் திருத்த முயன்றது. எழுதியவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரு திருத்துநர் எப்போதும் அமர்ந்திருந்தார் எனலாம். அத்திருத்துநர் இல்லாத இன்னொரு சூழலுக்கு அந்நிரலைக் கொண்டுசெல்லும்போதுதான், நிரலின் பொருளில் எவ்வளவு பகுதி எழுத்தில் இருந்தது, எவ்வளவு பகுதி சூழலில் இருந்தது என்பது தெரியவரும்.

நிற்கும் பிழையும் நில்லாப் பிழையும்

பழைய நிரலைப் புதிய கிளைமொழிக்குப் பெயர்ப்பவர் முதலில் சந்திப்பது, அறியாத பெயர்களை. நிரலில் ஒரு சார்பு அழைக்கப்படுகிறது, நிரலுக்குள் அதற்கு விளக்கமில்லை, கையேட்டிலும் இல்லை. கணினி அவ்விடத்தில் நின்று, இப்பெயரைத் தான் அறியேன் என்று கூறிவிடும். இது தொல்லைதான்; ஆயினும் நேர்மையான தொல்லை. எங்கே தேட வேண்டும் என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

அடுத்த வகை, பெயர் ஒன்றாயிருந்து முறை மாறியவை. ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்பின் மீதும் ஒரு சார்பைச் செலுத்துவதற்கு ‘மேப்கார்’ என்னும் சார்பு பல கிளைகளில் உண்டு. இண்டர்லிஸ்பில் பட்டியலை முதலிலும் சார்பைப் பின்னரும் தர வேண்டும். மாக்லிஸ்பில் சார்பு முன்னும் பட்டியல் பின்னும் வர வேண்டும். இம்முறை மாறினாலும் கணினி பெரும்பாலும் நின்றுவிடும். பட்டியலைச் சார்பாகக் கொண்டு இயக்க அதனால் இயலாது.

உண்மையான இடர் மூன்றாம் வகையில் இருக்கிறது. ‘மெம்பர்’ என்னும் சார்பு, ஒரு பொருள் ஒரு பட்டியலில் உண்டா என்று பார்த்துச் சொல்வது. மாக்லிஸ்பிலும் இண்டர்லிஸ்பிலும் அது உள்ளடக்கத்தை ஒப்பிட்டது: தேடப்படுவதும் பட்டியலில் இருப்பதும் தனித்தனியே ஆக்கப்பட்டவையாயினும், உள்ளே இருப்பவை ஒன்றாயின் உண்டு என்றது. பின்னர் வந்த காமன் லிஸ்பில் அதே பெயருள்ள சார்பு, வேறாகக் கேட்காவிட்டால், இரண்டும் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளடக்கம் ஒத்த இரு வேறு பட்டியல்களை வேறென்றே கொள்கிறது. பழைய மொழியில் உண்டு என்ற இடத்தில் புதிய மொழி இல்லை என்கிறது. இல்லை என்பதும் முறையான விடையே ஆதலால் கணினி நிற்பதில்லை. அவ்விடையை ஏற்று மேலே செல்கிறது. ‘என்த்’ என்னும் சார்பின் பொருளும் கிளைக்குக் கிளை மாறுகிறது. இண்டர்லிஸ்பில் அது ஒன்றிலிருந்து எண்ணி, அவ்விடம் தொட்டு எஞ்சிய பட்டியல் முழுவதையும் தரும். காமன் லிஸ்பில் சுழியத்திலிருந்து எண்ணி, அவ்வுறுப்பை மட்டும் தரும். மூன்றாவதைக் கேட்டவருக்கு நான்காவது கிடைக்கும்.

இவற்றினும் ஆழமானது மாறிகளின் பொருள் பற்றியது. ஒரு சார்புக்குள் ஒரு மாறியின் பெயர் வருகிறது. அதன் மதிப்பு அங்கே தரப்படவில்லை. அதை எங்கே தேடுவது? பழைய லிஸ்ப் கிளைகள், அச்சார்பை அப்போது அழைத்தது யாரோ அவரிடம் தேடின. ஸ்கீமும் பின்னர்க் காமன் லிஸ்பும், அச்சார்பு எழுதப்பட்ட இடத்தில் தேடின. அழைப்பவர் இல்லத்து வழக்கைப் பின்பற்றுவதா, பிறந்த இல்லத்து வழக்கைப் பின்பற்றுவதா என்பது போன்ற வேறுபாடு இது. மாக்லிஸ்பிலோ இரண்டும் கலந்திருந்தன: நிரலை நேரடியாக இயக்கும்போது ஒரு முறை, அதையே இயந்திர மொழிக்கு மாற்றி இயக்கும்போது, தனியாக அறிவிக்கப்படாத மாறிகளுக்கு வேறு முறை. ஒரே கூடத்தில், ஒரே மொழியில், ஒரே எழுத்துக்கு இரு பொருள் இருந்தது. பழக்கப்பட்டவர்கள் அதை அறிந்து எழுதினர். அறிந்தவற்றை எழுதி வைத்தவர் சிலரே.

அறியாத சொல் நம்மை நிறுத்துகிறது. அறிந்ததாக நாம் எண்ணும் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. பெயர்ப்பவர் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்கு.

நான்கு நிரல்களின் கதை

இதனால் இழப்பு என்ன என்று கேட்கலாம். டெரி வினோகிராட் 1968 முதல் 1970 வரை எழுதிய ஷர்ட்லு என்னும் நிரலை முதலில் நோக்குவோம். மேசைமேல் உள்ள கட்டைகளைப் பற்றி ஆங்கிலத்தில் கேட்ட வினாக்களுக்கு விடையளித்து, சொன்னபடி அவற்றை இடம் மாற்றிக் காட்டிய நிரல் அது. மொழியைக் கணினி புரிந்துகொள்வது பற்றிய ஆய்வில் ஒரு மைல்கல். முனைவர் பட்டத் தேர்வுக்கு ஆயத்தமாகும் விரைவில், சில திருத்தங்கள் நேரே கீழ்நிலைக் கட்டளைகளில் செய்யப்பட்டன. லிஸ்ப் மூலத்தில் அவை ஏறவில்லை. ஆகவே, இயங்கிய நிரலும் எழுதப்பட்ட நிரலும் வெவ்வேறாயின. இயங்கும் வடிவத்தை அப்படியே பாதுகாத்துப் பயன்படுத்தி வந்தனர். அதைத் தாங்கிய இயக்க முறைமை மாற மாற, அவ்வடிவம் சிறிது சிறிதாகச் செயலிழந்தது. பின்வந்தோர் 1972, 1973 ஆண்டுவாக்கில் அதை மீண்டும் எழுதிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

இரண்டாவது, டக்ளஸ் லெனட் ஸ்டான்ஃபோர்டில் இண்டர்லிஸ்பில் எழுதி 1976இல் ஆய்வேடாக அளித்த ஏ.எம். என்னும் நிரல். எளிய கருத்துகளிலிருந்து தொடங்கிப் பகா எண்கள் போன்ற கணிதக் கருத்துகளைத் தானே கண்டடைந்ததாக அது புகழ்பெற்றது. 1984இல் கிரேம் ரிட்சியும் ஹன்னாவும் அதை ஆராய்ந்து, ஆய்வேட்டில் கூறப்பட்டதற்கும் நிரல் செய்ததாகத் தெரிவதற்கும் இடையே பொருந்தாமைகள் உண்டு என்று காட்டினர். அதே ஆண்டில் லெனட்டும் ஜான் சீலி பிரவுனும் எழுதிய கட்டுரை வேறோர் உண்மையை ஒப்புக்கொண்டது: லிஸ்ப் மொழியின் அமைப்பும் கணிதக் கருத்துகளின் அமைப்பும் நெருங்கியிருந்தமையால்தான், சார்புகளில் செய்த சிறு மாற்றங்கள் பொருளுள்ள புதுக் கருத்துகளாக அமைந்தன. அப்படியாயின், அந்நிரலின் வெற்றியில் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. வேறு கிளைமொழிக்கு அதனைப் பெயர்ப்பவர், ஆய்வின் ஒரு பகுதியையே மாற்றுகிறார். அறிவியலில் ஒருவர் சொன்னதைப் பிறர் மீண்டும் செய்துபார்க்க இயல வேண்டும். பெயர்ப்பு பிழைபட்டால் அவ்வாய்ப்பே பறிபோகிறது.

மூன்றாவது, மறைவிலிருந்து மீண்ட நிரல். குறியீட்டுக் கணிதம் செய்யும் மாக்சைமா 1968இல் மாசசூசெட்ஸில் தொடங்கி மாக்லிஸ்பில் வளர்ந்தது. அதைப் புதிய வாக்ஸ் கணினிகளில் இயக்க வேண்டும் என்ற தேவையே பெர்க்லியில் ஃபிரான்ஸ் லிஸ்ப் பிறக்கக் காரணமாயிற்று: நிரலை மொழிக்கேற்ப மாற்றுவதற்கு மாறாக, நிரலுக்கேற்ற மொழியை ஆக்கினர். பின்னர், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஷெல்ட்டர், அமெரிக்க எரிசக்தித் துறையிடமிருந்த பிரதியை 1982 முதல் பேணிக் காமன் லிஸ்புக்குக் கொண்டுவந்தார். 1998இல் அதனைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட இசைவு பெற்றார். 2001இல் அவர் மறைந்தார். மாக்சிமா என்னும் பெயரில் அந்நிரல் இன்றும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பயன்படுகிறது. அதன் மூலத்தில், பழைய மாக்லிஸ்ப் வழக்குகளைக் காமன் லிஸ்பில் விளக்கும் ஒரு கோப்பு இன்றும் இருக்கிறது. பழஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் நிகண்டு போன்றது அது.

நான்காவது, முன்னறிவோடு நடந்துகொண்ட நிரல். ரெடியூஸ் என்னும் கணித நிரலை ஆக்கிய அந்தோனி ஹெர்ன், கிளைமொழிகள் பெருகுவதை 1960களிலேயே கண்டார். தம் நிரலுக்கு இன்றியமையாத சார்புகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்து, 1969இல் அதனைச் செந்தர லிஸ்ப் என வெளியிட்டார். புதிய கணினி வந்தபோது அச்சிறு பட்டியலை அங்கே அமைத்தால் போதும், ரெடியூஸ் இயங்கும். 2008இல் அதுவும் கட்டற்ற மென்பொருளாயிற்று. அரை நூற்றாண்டைக் கடந்தும் வழங்குகிறது. இயந்திரங்கள் எத்தனையோ மாறியும் அந்நிரல் வாழ்வதற்குக் காரணம், அதன் ஆசிரியர் தாம் எதை நம்பி எழுதினார் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்ததுதான்.

பொது வழக்கு உருவான பின்னும்

1981 ஏப்ரலில் பல கூடங்களின் லிஸ்ப் வல்லுநர்கள் கூடிப் பொது மொழி பற்றிக் கலந்தாய்ந்தனர். அதன் பயனாக 1984இல் கை ஸ்டீல் எழுதிய காமன் லிஸ்ப் நூல் வெளிவந்தது. 1994இல் அம்மொழி அமெரிக்கத் தேசியச் செந்தரமாயிற்று. செந்தரத்தில் 978 பெயர்கள் வரையறுக்கப்பட்டன. இனி எழுதப்படும் நிரல்களுக்கு அது காப்பு. முன்னரே எழுதப்பட்டவற்றுக்கோ அதுவே புதிய இடரும் ஆயிற்று. ‘மெம்பர்’, ‘என்த்’ முதலிய பழைய பெயர்கள் பல, ஒரு கிளையின் பொருளை மட்டும் ஏற்றோ புதுப்பொருள் பெற்றோ நிலைபெற்றுவிட்டன. செந்தரத்தில் ஒரு பெயர் இருப்பதைக் கண்டவுடன் பொருள் தெரிந்துவிட்டதாகக் கருதும் வழக்கம் தோன்றியது.

பெயர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? நிரலில் வரும் எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டு, அறியாதவற்றை மட்டுமன்றி அறிந்தவை போலத் தோன்றுவனவற்றையும் பழைய கையேட்டோடு ஒப்பிட வேண்டும். கையேடு கைவிடும் இடத்தில் பயன்பாடே சான்று: அச்சார்புக்கு எத்தனை மதிப்புகள் தரப்படுகின்றன, அது தரும் விடை பட்டியலாகக் கொள்ளப்படுகிறதா, உண்டு இல்லை என்ற விடையாகக் கொள்ளப்படுகிறதா என்று ஒவ்வோரிடமாக நோக்கினால், பொருள் மெல்ல உருப்பெறும். பழைய ஆய்வேடுகளில் அச்சான உரையாடல்களையும் விடைகளையும் வைத்துச் சோதித்தால் ஊகம் உறுதிப்படும். எல்லாவற்றிலும் மேலாக, மூலத்தின் உடலில் கைவைக்காமல், பழைய சார்புகளின் பொருளைத் தனிக்கோப்பில் எழுதி, ஒவ்வோர் ஊகத்துக்கும் காரணத்தையும் குறிக்க வேண்டும். மூலம் வேறு, உரை வேறு என்று பிரித்துக் காத்த மரபில் வந்த நமக்கு இந்நெறி புதிதன்று. உரையாசிரியர் தவறியிருந்தாலும், மூலம் கலப்பின்றி இருந்தால், அடுத்து வருபவர் திருத்தலாம்.

நம் வாசலில்

இக்கதை நமக்கு அயலானதும் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. பொது முறை ஒன்று காணும் நோக்கில், 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதை நம்மில் பலர் அறிவோம். அக்காலத்தில் தட்டெழுதிய கதைகளும் கட்டுரைகளும் சங்க மலர்களும் பழைய கோப்புகளாக நம் வீடுகளிலும் அச்சகங்களிலும் இருக்கின்றன. இன்று அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகள் தோன்றினால், அது நிற்கும் பிழை, திருத்த முயல்வோம். மாற்றியபின் ஔகாரத்தின் இடத்தில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அமர்ந்துவிட்டால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது மட்டும் அச்சொல் கிடைக்காது. அது நில்லாப் பிழை. அச்சொல் அந்நூலில் இல்லை என்றே வருங்கால ஆய்வாளர் முடிவுசெய்வார்.

பழைய கோப்புகளை வைத்திருப்போர், எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில், எந்த விசைப்பலகையில் அவை ஆக்கப்பட்டன என்பதை ஒரு தாளில் எழுதி அவற்றோடு சேர்த்து வைத்தால் பேருதவியாகும். அப்பழக்கத்தை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாக்லிஸ்பில் நூறுக்குப் பின்னால் ஏன் ஒரு புள்ளி வந்தது என்று கேட்பதற்கு அன்று அடுத்த அறையில் ஒருவர் இருந்தார். நம் அடுத்த அறையில் இருப்பவரிடம் நாம் இன்றே கேட்டு எழுதிக்கொள்வோம்.